ஒரு சதவீதத்துக்கு மிகாமல்

நாற்பத்தொரு டிகிரித் தண்ணீரில் கிடந்த பட்டை, முப்பத்தெட்டு புள்ளி ஆறு என்று காட்டியது. பிரமசக்தி அதை எடுத்துத் துடைத்து மறுபடியும் தொட்டியில் போட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தாள். அதே முப்பத்தெட்டு புள்ளி ஆறு. கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா அந்தச் சனியனுக்கு! அடுத்த பட்டையைப் போட்டாள். அது முப்பத்தெட்டரை என்றது. ஆறு பட்டைகளையும் போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பட்டை என்றால் சூட்டுப்பட்டை. வெயிலில் வேலை பார்ப்பவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. உடம்பின் உள்சூடு முப்பத்தொன்பதைத் தொட்டால் சிவப்பாக எரிந்து துடிக்கும். துடித்தால் அந்த ஆளை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும், சூடு இறங்கும்வரை வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். மூன்று கோடை அடுத்தடுத்து ஆட்களைச் சுருட்டிப் போட்ட பிறகுதான் அந்தச் சட்டமே வந்தது. சட்டம் போட்டவர்கள் நல்லவர்கள், அதில் சந்தேகமில்லை. பட்டை தவறாகக் காட்டிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டு ஒரு வரியும் எழுதி வைத்தார்கள்: 'கருவியின் பிழை ஒரு சதவீதத்துக்கு மிகாமல் இருத்தல் வேண்டும்.' எதில் ஒரு சதவீதம் என்று எழுதவில்லை. அந்த ஒரு வரியில்தான் எல்லாக் கூத்தும் நடந்தது.

தூத்துக்குடியில் பட்டைகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பொறுப்பு பிரமசக்தியுடையது. பௌதிகம் படித்தவள், முப்பத்துநாலு வயசு, கல்யாணம் காட்சி என்று எதற்கும் பிடிகொடுக்காதவள். அண்ணன் சுடலைமுத்துவின் வீட்டு மாடியில் குடியிருந்தாள். அண்ணன் உப்பு லாரி ஓட்டுகிறவன். அவன் மனைவி சந்தனமாரி உப்பளத்தில் உப்பு வாரி அம்பாரமாகக் குவிக்கிறவள்.

வேறு ஊர்க்காரி யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால், பட்டை செய்யும் கம்பெனி அனுப்பிய புதுப் பட்டைகளைச் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பாள். புதுப் பட்டைகள் எல்லாம் உத்தமமாகத்தான் இருந்தன. ஆனால் பிரமசக்தி உப்பளத்துக்காரர்கள் வீட்டுப் பெண். அங்கே ஒரு மாதம் கிடந்தால் கதவுத் தாழ்ப்பாள்கூட உப்புப் பூத்து இறுகிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் யாரும் கேட்காமலேயே, சோதனைக்காக நாற்பது நாள் கட்டியிருந்த ஆறு பட்டைகளை மதினியிடமும் அக்கம்பக்கத்துப் பெண்களிடமும் வாங்கி வந்து தண்ணீரில் போட்டாள். வியர்வையும் உப்புநீரும் கண்ணாடிக்குக் கீழே இறங்கி, வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பொருக்கு கட்டிய பட்டைக்கு உடம்பின் சூடு முழுசாகப் போய்ச் சேரவில்லை.

கணக்குப் போட்டாள். உண்மை நாற்பத்தொன்று, காட்டியது முப்பத்தெட்டு புள்ளி ஆறு, வித்தியாசம் இரண்டு புள்ளி நாலு. அதை நாற்பத்தொன்றால் வகுத்து நூறால் பெருக்கினால் ஐந்தே முக்கால் சதவீதத்துக்கும் மேல். 'தகுதியற்றது' என்று எழுதி மேலே அனுப்பினாள்.

நாலாம் நாள் சான்றக இயக்குநர் தணிகைவேலன் கூப்பிட்டு அனுப்பினார். சென்னையிலிருந்து வந்தவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

"உக்காருங்கம்மா. உங்க ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ரொம்ப நல்ல வேலை. பழைய பட்டையைச் சோதிக்கணும்னு வேற யாருக்கும் தோணலை."

"தேங்க்ஸ் சார்."

"கணக்குல மட்டும் ஒரு சின்னத் திருத்தம்." ஒரு சுற்றறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார். "இனிமே எல்லாப் பிழையையும் தனிவெப்ப அளவுலதான் போடணுமாம். கெல்வின்ல."

பிரமசக்தி படித்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

"சார், கெல்வின்ல பூஜ்யம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். இருநூத்தி எழுபத்து மூணு டிகிரி கீழ. நாப்பத்தொண்ணுங்கிறது அங்கிருந்து எண்ணினா முன்னூத்திப் பதினாலு. அதே ரெண்டு புள்ளி நாலு டிகிரித் தப்பு, முன்னூத்திப் பதினாலால வகுத்தா..."

"புள்ளி ஏழு ஆறு சதவீதம்." அவர் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். "ஒண்ணுக்குள்ள வந்துடுது."

"பட்டை அதே பட்டைதான சார்? உப்பு அதே உப்பு. தப்பு குறையலையே!"

"கெல்வின் தப்புன்னு சொல்றீங்களா? உலகம் பூரா விஞ்ஞானிங்க அதுலதாம்மா வேலை பாக்கறாங்க."

"கெல்வின் தப்பில்ல சார். அதுல சதவீதம் போட்டு மனுஷ உடம்பை அளக்கறதுதான் தப்பு. முப்பத்தேழு ஆரோக்கியம், நாப்பத்திரண்டு சாவு. மொத்தமே அஞ்சு டிகிரிக்குள்ள நம்ம பொழைப்பு. அந்த அஞ்சுல மூணு டிகிரி வரைக்கும் தப்பலாம்னா அப்புறம் பட்டை எதுக்கு?"

தணிகைவேலன் ஜன்னலைப் பார்த்தார். மனிதருக்கு எல்லாம் புரிந்திருந்தது, அதுதான் கொடுமை. புரியாதவன் என்றால் சொல்லிப் புரியவைக்கலாம்.

"நீங்க கையெழுத்துப் போடலைன்னா பட்டை இல்லை. பட்டை இல்லைன்னா சட்டப்படி பங்குனியிலேர்ந்து ஆவணி வரைக்கும் ஒரு ஆளும் அளத்துல இறங்க முடியாது. இந்தக் கரையில முப்பதாயிரம் பேரும்மா. அவங்க என்ன செய்வாங்கன்னு நீங்களே யோசிச்சுட்டு வாங்க. நாளைக்கு மதியம் வரைக்கும் டைம் இருக்கு."

அன்று சாயங்காலம் சந்தனமாரி அடுக்களையில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பிரமசக்தி வாசற்படியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். மதினி பாதி வரைக்கும் கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, சதவீதம் கிதவீதம்னு என்னைப் போட்டுக் குழப்பாத. எனக்கு வெளங்குத மாதிரி சொல்லு."

"ஒங்க ஒயரத்த அளக்கணும் மயினி. அஞ்சடி. நான் ஒரு அடி தப்பா அளந்துட்டேன். நாலடின்னு எழுதிட்டேன். பெரிய தப்புதான?"

"பின்ன? என்னைக் குள்ளச்சி ஆக்கிட்டியே, பாவி."

"இப்ப ஒருத்தன் வந்து, ஒங்கள தரையிலேர்ந்து அளக்கக் கூடாது, நூறடிக் கெணத்துக்கு அடியிலேர்ந்து அளக்கணும்ங்கான். நூத்தி அஞ்சுக்கு நூத்தி நாலு. இப்ப தப்பு கண்ணுக்கே தெரியலையே, சரின்னு எழுதுங்கான்."

சந்தனமாரி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"அப்ப பட்டை பச்சையா இருக்கும்போதே எனக்குள்ள கொதிச்சுக்கிட்டுக் கெடக்கும்."

"ஆமா."

"நீ கையெழுத்துப் போடலன்னா?"

"அளத்தை மூடிருவாவ. ஆவணி வரைக்கும்."

சந்தனமாரி மீனை எடுத்தாள், வைத்தாள். வெளியே அவளுடைய சின்ன மகள் தொட்டில் சேலையில் ஆடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. "போடுட்டி," என்றாள்.

"மயினி!"

"என்ன மயினி? போடுங்கேன். பட்டை வாரதுக்கு முந்தி நாங்க வேல பாக்கலையா? அப்ப பச்சையும் இல்ல செவப்பும் இல்ல. மூடிட்டான்னா பக்கத்து வீட்டு பேச்சிக்கு யாரு சோறு போடுவா? நீயா? ஆறு மாசம் வீட்டுல குத்த வச்சிருந்தா வெயிலு கொல்லாட்டியும் வேற ஏதாச்சும் கொல்லும்."

"எனக்குக் கை வரல மயினி."

"எங்க ஒடம்பு எங்களுக்குத் தெரியும். நீ போடு."

நியாயத்தைப் பேசக்கூட ஒருவன் வயிறு நிரம்பியிருக்க வேண்டியிருக்கிறது, என்ன உலகமோ! பிரமசக்தி ராத்திரி முழுக்கப் புரண்டாள். மறுநாள் மதியம் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையோடு தனக்குள் ஒரு சமாதானமும் செய்துகொண்டாள். ஊருக்குத்தான் சொல்ல முடியாது, மதினிக்காவது சொல்லலாமே. "மயினி, ஒங்க பட்டையில முப்பத்தேழைத் தாண்டினாலே வேலைய விட்டுட்டு நெழலுக்குப் போயிருங்க. செவப்பு வரட்டும்னு நிக்காதீங்க," என்று வீட்டில் ஆணையிட்டாள். சந்தனமாரியும் தலையை ஆட்டினாள்.

அதிலும் மண் விழுந்தது. பச்சையாக இருக்கும்போது உப்புப் பாத்தியை விட்டு ஏறினால் கங்காணி அன்றைக்கு ஆளே வரவில்லை என்று பெயரை அடித்துவிட்டான். மூன்று முறை அடித்தால் அடுத்த மாசம் வரவேண்டாம். சட்டம் அவன் பக்கம்தான், பட்டை பச்சையாகத்தானே இருக்கிறது? இரண்டு முறை அடிபட்ட பிறகு சந்தனமாரி ஏறுவதை நிறுத்திவிட்டாள். அதை நாத்தனாரிடம் சொல்லவில்லை. "ஏறினீங்களா மயினி?" என்று தினமும் கேட்டவளிடம், "ஏறினேன் ஏறினேன், ஒன் தொல்லை பெரும் தொல்லையாப் போச்சு," என்று அலுத்துக்கொண்டாள்.

சித்திரை பதினெட்டாம் தேதி பகல் ஒன்றரை மணிக்கு அம்பாரத்தின் மேல் கூடையைக் கவிழ்க்கப் போனவள், அப்படியே குப்புற விழுந்தாள். உப்பு ஏற்ற வந்து நின்ற லாரியிலிருந்து அவள் புருஷனே குதித்து ஓடினான். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். நர்ஸ் சகாயமேரி தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள், நம்பாமல் இன்னொன்றை வைத்தாள், மூன்றாவது ஒன்றையும் வைத்தாள். மூன்றும் நாற்பத்தொன்று புள்ளி இரண்டு என்றன. ஐஸ் கட்டியை அள்ளி உடம்பு முழுக்க வைத்தார்கள். மணிக்கட்டில் பட்டை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது, முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. சாயங்காலம் நாலரைக்கு சந்தனமாரி செத்துப்போனாள்.

பிரமசக்தி அழுதாள். அழுததைவிட அதிகமாக ஆத்திரப்பட்டாள், அதில் முக்கால்வாசி தன் மேலேயே. அண்ணனிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், கையெழுத்து உள்பட. அவன் அவளை அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவதான் போடச் சொன்னாளா?" என்று மட்டும் கேட்டான்.

"ஆமாண்ணே."

"சொல்லுவா. அவ அப்படித்தான்." தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "விசாரணை வச்சிருக்காவ. அங்க வந்து உள்ளதச் சொல்லுவியா?"

"வேல போனாலும் சொல்லுதேன்."

விசாரணை ஆனி மாசம் நடந்தது. குளிரூட்டிய அறை, நீளமான மேஜை, நடுவில் விசாரணை அதிகாரி. வெயிலால் வந்த சாவா இல்லையா என்பதுதான் கேள்வி. வெயில் என்று தீர்ப்பானால் அந்தப் பட்டைகளை எல்லாம் திரும்பப் பெற்று, உப்புக்கு ஈடுகொடுக்கும் புதுப் பட்டை செய்தாக வேண்டும். அதற்காகத்தான் சுடலைமுத்து லாரியை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். செத்தவள் திரும்பி வரப்போவதில்லை, மிச்சப் பெண்களாவது பிழைக்கட்டும் என்று சொல்லித்தான் வந்தான்.

முதலில் அவனைத்தான் கேட்டார்கள்.

"நான்தான்யா தூக்கிட்டு ஓடுனேன். என் நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருந்தேன். நெஞ்சு சுட்டுதுய்யா. அடுப்புல இருந்து எறக்குன பானை கணக்கா இருந்தா."

அதிகாரி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். அடுத்து பிரமசக்தியின் முறை. கம்பெனி வக்கீல் எழுந்து அவளுக்கு வணக்கம் வைத்தார். மரியாதையான மனிதர்தான்.

"நீங்கதான் சான்று வழங்கியவர். பட்டையோட அளவு தவறுன்னு சொல்றீங்க?"

"ஆமா சார். அன்னைக்கு அது மூணு டிகிரி கொறச்சுக் காட்டியிருக்கு. ஆஸ்பத்திரியில மூணு தெர்மாமீட்டர்ல பாத்திருக்காங்க."

"அப்போ உங்க சான்று பொய்யா?"

"பொய்யில்ல. ஒரு சதவீதத்துக்குள்ள இருந்துச்சு. ஆனா அந்தச் சதவீதமே ஏமாத்து. கெல்வின்ல வகுத்தா எந்தத் தப்பும் சின்னதாத்தான் தெரியும்."

"அது சட்டம் எழுதினவங்க கிட்ட பேச வேண்டியது. இங்கே பிழையை மட்டும் பார்ப்போம். சதவீதப் பிழை எப்படிப் போடுவீங்க?"

"அளந்த மதிப்புக்கும் மெய்மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மெய்மதிப்பால வகுத்து, நூறால பெருக்கணும்."

"இங்கே மெய்மதிப்பு எது?"

"ஆஸ்பத்திரி அளவுதான் சார். நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு."

வக்கீல் சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். "ஒன்பதாம் பிரிவு. இரண்டு கருவிகளின் அளவு மாறுபட்டால், சான்று பெற்ற கருவியின் அளவே மெய்மதிப்பாகக் கொள்ளப்படும். ஆஸ்பத்திரி தெர்மாமீட்டருக்கு இந்தச் சட்டத்தின் கீழ் யாராவது சான்று கொடுத்திருக்காங்களா?"

"அது ஆஸ்பத்திரிக் கருவி சார், இந்தச் சட்டத்துல வராது."

"வராது. அப்போ சான்று உள்ளது எது?"

பிரமசக்தி அண்ணனைப் பார்த்தாள். அவன் ஒன்றும் புரியாமல், தங்கச்சி நன்றாகத்தான் பேசுகிறாள் என்ற நம்பிக்கையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பட்டை," என்றாள்.

"யார் கையெழுத்து?"

"என் கையெழுத்து."

"நன்றி. மெய்மதிப்பு முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. அளந்தது நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. கெல்வின்ல போட்டுச் சொல்லுங்க, தெர்மாமீட்டரோட பிழை எவ்வளவு?"

போட்டாள். வேறு வழியில்லை, கணக்குத் தெரியாது என்றா சொல்ல முடியும்? "புள்ளி ஒன்பது ஆறு."

"ஒரு சதவீதத்துக்கு உள்ளேதான். ஆகவே ஆஸ்பத்திரி மீதும் எந்தக் குறையும் சொல்வதற்கில்லை. கருவி கொஞ்சம் கூடக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்." வக்கீல் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. இறந்தவருக்கு இறக்கும்போது அபாய அளவு வெப்பம் இல்லை, காரணம் தெரியாத இயற்கை மரணம் என்று இரண்டு பக்கத்தில் முடித்திருந்தார்கள். சுடலைமுத்து அதைத் தங்கையிடம் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டான்.

"அவளுக்கு ஒடம்பு சுடலங்காவளா?"

"ஆமாண்ணே."

"நான் தூக்கிட்டுப் போனது யார?" என்று கேட்டுவிட்டு எழுந்து லாரியடிக்குப் போய்விட்டான். மாடியில் குடியிருந்த தங்கையோடு அதற்குப் பிறகு அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆடி பிறந்ததும் சான்றகத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சகாயமேரியே ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே நாற்பத்தெட்டு தெர்மாமீட்டர்கள். கூடவே ஒரு உத்தரவு: மாறுபாடு இனி நேராதபடி, இவற்றைச் சான்று பெற்ற கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்து தர வேண்டும்.

பிரமசக்தி உத்தரவைத் தூக்கிக்கொண்டு தணிகைவேலன் அறைக்குள் புகுந்தாள்.

"நல்ல தெர்மாமீட்டரை மூணு டிகிரி கெடுக்கச் சொல்றாங்க சார். இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேலைய எடுத்துக்கோங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களை யாரும் கேக்கலையேம்மா. இது புதுச் சான்று இல்லை, ஒப்பீடு. இயந்திரமே பண்ணிடும். பட்டைக்கு நீங்க போட்ட கையெழுத்து இருக்கே, அதுவே இதுக்கும் போதும். இனி வரப்போற எல்லாத்துக்கும் போதும்."

அவள் திரும்பி வந்தபோது இயந்திரம் வேலையைத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு தெர்மாமீட்டராக நாற்பத்தொரு டிகிரித் தண்ணீரில் இறங்கி, கொஞ்சம் யோசித்து, முப்பத்தெட்டு என்று சொல்லக் கற்றுக்கொண்டு வெளியே வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் நாற்பத்தெட்டும் முடிந்துவிட்டன. வேலையை விட்டுவிடுவதென்று அவள் மனசுக்குள் முடிவு பண்ணியாயிற்று. ஆனால் விடுவதால் ஒரு தெர்மாமீட்டர்கூடத் திருந்தப்போவதில்லை. இன்னொருத்தி வந்து உட்காருவாள். அந்த இன்னொருத்திக்கு உப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. இப்படி நினைத்து நினைத்தே அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

சகாயமேரி பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தொட்டியில் வைத்துப் பார்த்தாள். பிறகு விரலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள்.

"மேடம், இது தப்பாக் காட்டுது."

"தெரியும் சிஸ்டர்."

"நாளைக்கு ஒருத்தி வந்து விழுந்தா நான் என்னத்தப் பாத்து ஐஸ் வைக்கறது?"

"மூணு கூட்டிக்கோங்க. மனசுக்குள்ள."

"கேஸ் ஷீட்டுல?"

"இதுல காட்டறததான் எழுதணும்."

சகாயமேரி அவளையே பார்த்தாள். மேஜை மேல் ஒரு காகிதம் இருந்தது, 'கருவிகள் சரியான நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டன' என்று. கீழே பெறுபவர் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

"நான் போடலைன்னா என்ன ஆகும் மேடம்?"

பிரமசக்தி காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஆஸ்பத்திரியில தெர்மாமீட்டரே இருக்காது சிஸ்டர். அப்புறம் நோயாளிங்க என்ன செய்வாங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க," என்று குரலை உயர்த்தாமல் சொல்லி, பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினாள்.